புறந்தருதல் எனும் ஒற்றைச் சொல்

சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மூத்த படைப்பாளர் ஒருவர் இன்றைய பெண்ணெழுத்தைப் பற்றிப் பேசினார். நல்ல வாசகர், சங்கப் பாடல்களைத் தாள் பாராமல் சொல்லக் கூடியவர். பேச்சினிடையே, "இப்போது பிள்ளை பெற்றவர்களெல்லாம் பிள்ளையைப் பற்றியே எழுதுகிறார்கள். பால் கொடுத்தேன், துணி அலசினேன், தூக்கமில்லை என்பதெல்லாம் நாட்குறிப்பு. தாய்மை இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்ட பேருணர்வு. அதைப் பாடுங்கள், கேட்கிறோம்" என்றார். அவையில் சிரிப்பெழுந்தது, கைதட்டலும் எழுந்தது. நானும் அங்கே இருந்தேன். இருபதாண்டுக் காலமாகத் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவள், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தவள், வாய் திறக்கவில்லை. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டாம். அது அவர் ஒருவருடைய கருத்தாக மட்டும் இருந்திருப்பின் இக்கட்டுரைக்குத் தேவையே இல்லை. அவையின் கைதட்டலுக்குத்தான் நான் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதுகலையில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியைப் பார்க்கப் பேட்டைக்குப் போயிருந்தேன். நெய்தல் திணைப் பாடல்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவளுடைய ஆண் குழந்தைக்கு அன்றோடு ஆறு மாதம் நிறைந்திருந்தது. நான் போனபோது காலை பத்து மணி. அவளுக்கு அந்த நாள் தொடங்கி ஆறு மணி நேரமாகியிருந்தது. தொடங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. முந்தைய நாள் முடிந்திருந்தால் அல்லவா தொடங்குவதற்கு? இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, ஒன்றரைக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை எழுந்து பால் கொடுத்திருக்கிறாள். நாலு மணிக்குப் பிறகு பிள்ளை உறங்கவில்லை.

ஆறு மாதம் என்பது இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும் காலம். தாய்ப்பால் நிற்பதில்லை, அதனோடு உணவும் தொடங்குகிறது. முதல் நாளே ஊறவைத்து முளைகட்டிய கேழ்வரகை அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பாலை எடுத்து, அடிபிடிக்காமல் கை ஓயாது கிண்டி, ஆறவைத்து, மடியில் இருத்தி ஊட்ட வேண்டும். மூன்றாவது கரண்டியைப் பிள்ளை துப்பிவிடுகிறது. நான்காவது கரண்டி அவள் புடவையில். பிள்ளை குப்புற விழப் பழகிவிட்டதால் கட்டிலில் விட்டு நகர முடியாது. கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குப் போவதால் தரையில் விட்டும் நகர முடியாது. பல் முளைக்கப்போகும் ஈறு தினவெடுத்துப் பால் குடிக்கும்போதே கடிக்கிறது. பகலில் தொட்டிலில் நாற்பது நிமிடம் உறங்குகிறது. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் குளிக்கலாம், அல்லது சாப்பிடலாம், அல்லது துணி அலசலாம், அல்லது புத்தகத்தைத் திறக்கலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்று. நான்கில் எது என்று அவள் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கிறாள். ஆறு மாதமாகப் புத்தகம் தோற்றுக்கொண்டே வருகிறது.

"அம்மா, ஒரே பத்தியை மூணு தடவை வாசிக்கேன். நாலாவது வரிக்கு வரும்போது அவன் அழுதிருதான். எனக்கு மூளையே மழுங்கிப் போச்சோன்னு பயமா இருக்கு" என்றாள். எங்கள் துறையில் மாணவர்கள் ஆசிரியைகளை 'அம்மா' என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல் அன்று என்னைக் கொஞ்சம் சுட்டது.

அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து நெய்தல், பின்பக்கத்திலிருந்து மணிக்கணக்கு. எத்தனை மணிக்குப் பால், இடமா வலமா, எத்தனை முறை ஈரம், எத்தனை மணிக்குக் காய்ச்சல் மருந்து. முன்னிருந்து வந்த எழுத்து பதினெட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது. பின்னிருந்து வருவது நாள்தோறும் அதை நோக்கி நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மூத்த படைப்பாளர் நகைத்த 'நாட்குறிப்பு' இதுதான். இதில் பேருணர்வு எங்கே என்று அவர் கேட்கலாம். நான் அவரைக் கேட்பது வேறொன்று: இந்த நாளின்றி அந்தப் பேருணர்வு எந்த வீட்டில் குடியிருக்கிறது?

நம் மரபை நோக்கியே இதைப் பேசலாம். பிள்ளைத்தமிழை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி என்று பத்துப் பருவங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது செங்கீரை. ஆறு மாதக் குழந்தை செங்கீரைக்கும் தாலத்துக்கும் இடைப்பட்டது. குழந்தையின் உடலசைவை இத்தனை நுட்பமாகக் கண்டு, அதை இலக்கணமாகவே வகுத்த மொழிகள் மிகச் சிலவாகத்தான் இருக்கும். அதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் இக்கவிதைகளில் குழந்தை எப்போதும் விழித்திருக்கிறது, குளித்திருக்கிறது, உண்டிருக்கிறது, அணி பூண்டிருக்கிறது. குளிப்பாட்டியவர் எவர்? ஊட்டியவர் எவர்? முந்தைய இரவு விழித்திருந்தவர் எவர்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியது தொடங்கிப் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை மீது பாடியது வரை, நான் வகுப்பில் நடத்திய பிள்ளைத்தமிழ் நூல்கள் அனைத்தையும் ஆண்களே இயற்றினர். அவர்கள் தாயின் குரலை எடுத்துக்கொண்டனர். தாயின் கைகளை எடுத்துக்கொள்ளவில்லை. இதை அப்புலவர்களின் குற்றமென்று சொல்ல வரவில்லை. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ அரசரோ ஆகிவிட்டால் ஈரத்துணிக்குப் பாட்டில் இடமில்லை. ஆனால் அந்த இடமின்மையையே 'தாய்மையின் இலக்கணம்' என்று இன்றைக்கு ஒருவர் நமக்கு எடுத்துரைத்தால், அதை ஏற்க முடியாது.

அந்த நூல்களுக்கெல்லாம் முன்னோடியான பெரியாழ்வாரிடம் நிலைமை சற்று வேறு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆண் கவிஞர் யசோதையாகிப் பாடும்போது நீராட்டுகிறார், காது குத்துகிறார், கண்ணேறு படாமல் காப்பிடுகிறார். முதல் திருமொழியிலேயே ஒரு பாசுரம் உண்டு. தொட்டிலில் இட்டால் கிழிய உதைக்கிறான், தூக்கினால் இடுப்பு முறிகிறது, அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தாங்க வலுவில்லாமல் நான் இளைத்தேன் என்று யசோதை இன்னொரு பெண்ணிடம் முறையிடுகிறாள். தெய்வத்தையே வளர்த்தெடுத்தவளுக்கும் இடுப்பு வலிக்கும் என்று சொல்ல ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கவிஞரால் முடிந்திருக்கிறது. அதனால் பக்தி குறைந்துவிடவில்லை, கூடியது. இன்றைய பெண் ஒருத்தி அதையே தன் குரலில் சொன்னால் மட்டும் தாய்மைக்கு இழுக்காவது எவ்வாறு?

இன்னும் பின்னோக்கிப் போவோம். புறநானூற்றின் 312ஆம் பாடலை அறியாத தமிழாசிரியர் இல்லை. மேடைதோறும் முழங்கப்படும் பாடல். பாடியவர் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர். மகனைப் பெற்று வளர்த்தல் தாய்க்கு, சான்றோனாக்குதல் தந்தைக்கு, வேல் வடித்தல் கொல்லனுக்கு, நல்லொழுக்கம் அளித்தல் வேந்தனுக்கு, போரிட்டு மீளுதல் மகனுக்கு என்று கடன்களைப் பகிர்ந்து வைக்கும் பாடல். இதைத் தாய்மையின் தியாகத்துக்குச் சான்றாகவே நாம் மேற்கோள் காட்டி வந்திருக்கிறோம். நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். மாணவி வீட்டிலிருந்து திரும்பிய இரவு அதை மறுபடி வாசித்தேன். பொன்முடியார் பிள்ளை வளர்ப்பைத் தெய்வீகம் என்று சொல்லவில்லை, கடன் என்கிறார். கொல்லனின் உலைக்களத்தோடும் வேந்தனின் ஆட்சியோடும் ஒரே வரிசையில் வைக்கிறார். அது ஒரு தொழில்; செய்து முடிக்க வேண்டிய வேலை; அதைச் செய்பவள் தன்னைச் சுட்டி உரிமையோடு பேசக்கூடிய வேலை. அதோடு, 'புறந்தருதல்' என்று அவர் ஒரு சொல்லில் அடக்கிய காரியத்துக்குள் என் மாணவியின் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. கொல்லனின் வேலை எத்தகையது என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. சம்மட்டி ஒலி தெருவுக்கே கேட்கும். புறந்தருதலின் ஒலி வீட்டுக்கு வெளியே கேட்பதில்லை. அந்தச் சொல்லைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் எழுத்தைத்தான் நாம் நாட்குறிப்பு என்று தள்ளுகிறோம்.

அன்றாடம் இலக்கியப் பொருளாகாது என்பவர்களுக்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடலை நினைவூட்டலாம். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, இளம் மனைவி குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக நாம் இதைக் கொண்டாடுகிறோம். கழுவாத கையும் புகையும் கறைபடிந்த துணியும் கவிதைக்குள் வந்து நெடுங்காலமாகிறது. ஆகவே தடை அன்றாடத்தின் மீதன்று. அந்த அடுக்களை வேலைக்குப் பாட்டின் முடிவில் ஒரு பரிசு கிடைக்கிறது, உண்பவனின் பாராட்டு. பாராட்டுக்காகக் காத்திராத, பாராட்டிலே தீர்ந்துவிடாத அலுப்பை ஒருத்தி எழுதும்போதுதான் நமக்கு அது இலக்கியமல்லாமல் போய்விடுகிறது.

இது வெறும் இலக்கியச் சண்டை என்று எவரும் எண்ண வேண்டாம். ஒரு வேலையைத் தெய்வீகம் என்று பாடிவிட்டால் அதற்கு நேரமும் கூலியும் ஆளும் ஒதுக்க வேண்டியதில்லை. சட்டத்தைப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கான ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தையே கொண்டிருக்கிறது. நல்லது. ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்வதற்கு உரியது. உடல் முடியாமல் அந்த எட்டையும் எடுத்தவளுக்குப் பிறகு எஞ்சுவது 18 வாரம். நான்கு மாதமும் சில நாட்களும். உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று பரிந்துரைக்கிறது. இரண்டு கணக்கும் பொருந்தவில்லை. ஒருநாள்கூட முன்னதாக விடுப்பெடுக்காமல் பிரசவ வலியோடு வேலையிலிருந்து கிளம்பியவளுக்கும், கேழ்வரகுப் பால் காய்ச்சத் தொடங்கும் அதே வாரத்தில் விடுப்பு தீர்ந்துவிடுகிறது. வேலை இரட்டிக்கும் நாளில் அவள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு தன் ஊழியர்களுக்கான மகப்பேற்று விடுப்பை 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் ஓராண்டாகவும் உயர்த்தியது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் மாணவி அரசு ஊழியரல்லள். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தற்காலிகமாகப் பாடம் நடத்தியவள். ஏழாம் மாதத்தில் விடுப்புக் கேட்டபோது, "நின்றுகொள்ளுங்கள், பிறகு இடமிருந்தால் சொல்கிறோம்" என்று கனிவோடு கூறியிருக்கிறார்கள். நாட்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று நலம் உண்டு என்று தில்லி மாநகராட்சிப் பெண் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு நூலகத்தில் இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கிறாள். பாலூட்டும் தாய்க்குக் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தங்கள் கல்லூரியில் அக்காப்பகம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று நாளை விசாரித்துப் பார்க்கலாம்.

இனி, வழக்கமான மறுப்புகள். "எங்கள் அம்மாவும் ஆச்சியும் எட்டுப் பெற்றார்கள், இப்படிப் புலம்பினார்களா?" என்பது முதலாவது. புலம்பினார்கள். தாலாட்டு என்பது பாதிக்கு மேல் புலம்பல்தான். பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டுக் குறை, தன் சோர்வு எல்லாவற்றையும் மொழி புரியாத பிள்ளையின் காதில் சொல்லிக்கொண்டார்கள். வேறு எவரும் கேட்கவில்லை என்பதால் பிள்ளையிடம் சொன்னார்கள். நாமோ அதை நாட்டார் இலக்கியம் என்று பதிவு செய்து பட்டம் வாங்கினோம். பாட்டியின் புலம்பல் ஆய்வுப்பொருள். பேத்தியின் புலம்பல் நாட்குறிப்பு. இது என்ன நியாயம்?

"அந்தக் காலக் கூட்டுக்குடும்பம் இருந்தால் இத்தனை பாரம் இருக்காது" என்பது இரண்டாவது. மெய்தான்; என் மாணவியின் மாமியார்தான் நாள்தோறும் பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, மூட்டுவலி. கூட்டுக்குடும்பம் பாரத்தைக் குறைக்கவில்லை. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றியது. அந்தத் திண்ணையில் ஆண்களும் இருந்தார்கள்; திண்ணையிலேயே இருந்தார்கள்.

"இப்போதெல்லாம் ஆண்களும் உதவுகிறார்களே" என்பது மூன்றாவது. மாணவியின் கணவர் நல்லவர். தூத்துக்குடியில் வேலை, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி அரைமணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்கிறார். "புள்ளைய என்னமா வச்சிருக்கான் பாரு" என்று பக்கத்து வீடே மெச்சுகிறது. மற்ற இருபத்து மூன்றரை மணி நேரம் வைத்திருப்பவளை அப்படி மெச்சியவர் எவருமில்லை. நாட்டின் கணக்கும் இதையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களின் கணக்கு 289. பத்து நிமிடம் குறைந்துவிட்டதே, ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் போலும் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஆண்களின் கணக்கு 88 ஆகிவிட்டது; அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இதுவும் வேலையில் ஈடுபட்ட ஆண்களின் சராசரி மட்டுமே. கைவைக்காதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. தன் பிள்ளையைத் தான் தூக்குவதற்குத் தமிழில் 'உதவி' என்று பெயரிருக்கும் வரை இக்கணக்கு பெரிதாக மாறாது. உதவி என்பது அடுத்தவர் வேலைக்குச் செய்வது.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை பற்றி எழுதப்படுவதெல்லாம் நல்ல எழுத்தல்ல. சலிப்பூட்டும் கவிதைகள் உண்டு; அவற்றை நானும் பக்கம் புரட்டிவிடுகிறேன். போரைப் பற்றியும் காதலைப் பற்றியும் அதைவிடச் சலிப்பூட்டும் கவிதைகள் உண்டு. அவற்றை மோசமான கவிதை என்கிறோமே தவிர, போரும் காதலும் இலக்கியப் பொருளல்ல என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. எழுத்தின் குறையைப் பொருளின் குறையாக்குவது பெண்ணெழுத்துக்கு மட்டும் நிகழும் அநீதி. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வெளிவந்தது. சமையலறை இலக்கியமாகி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. தொட்டிலுக்கு மட்டும் இன்னும் அனுமதிச்சீட்டுக் கேட்கிறோம்.

அன்று நான் ஏன் பேசவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 2008இல் என் மகள் பிறந்தபோது எனக்கு மூன்று மாத விடுப்பு. நான்காம் மாதம் வகுப்புக்குத் திரும்பினேன். மதியத்துக்குள் மார்பு கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனைந்துவிடும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கழிப்பறைக்குள் தாழிட்டு, கைகழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சிக் குழாயைத் திறந்துவிடுவேன். அங்கே மகளுக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து என் அம்மா புகட்டிக்கொண்டிருப்பார். முகம் துடைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் முத்தப் பருவத்தை நடத்தியிருக்கிறேன். ஒருநாள்கூட எனக்கு அதில் முரண் தோன்றவில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியம், கழிப்பறையில் நடந்தது என் சொந்த விஷயம். அந்தப் பிரிவினையை என்னுள் போட்டது யாரோ ஒரு மூத்த படைப்பாளர் அல்லர். நான் கற்ற, கற்பித்த பாடத்திட்டம். அந்த மாதங்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. இன்று கல்லூரிக்குப் போகும் மகள் "நான் ஆறு மாசத்துல எப்படிம்மா இருந்தேன்?" என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் சில புகைப்படங்கள் மட்டுமே உண்டு. அவளைப் பற்றி எனக்கு நினைவில் இருப்பதைவிட மீனாட்சி சப்பாணி கொட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

மாணவியிடம் இரண்டு காரியங்கள் சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வுக்கால நீட்டிப்புக்கான விண்ணப்பத்தை நெறியாளரிடமும் துறையிடமும் நானே பேசி வாங்கித் தருகிறேன் என்பது ஒன்று. குறிப்பேட்டின் பின்பக்கத்தைக் கிழித்துவிடாதே, நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது சேர்த்து எழுது என்பது மற்றொன்று. "என்னத்த எழுத அம்மா? எல்லா நாளும் ஒண்ணு போலத்தானே இருக்கு" என்றாள். எல்லா நாளும் ஒன்றுபோல இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுது என்றேன்.

இதழ் நடத்தும் நண்பர்களுக்கும் மேடையேறும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படியொரு வரி நாளை உங்களிடம் வந்து சேரலாம். அது நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். எந்தப் படைப்பாளிக்கும் அது நேர்வதுதான். தாய்மை இதுவன்று என்று மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். அது எது என்று உங்களைவிட அவளுக்குத் தெரியும். மறுப்புள்ளவர்கள் மறுத்து எழுதட்டும். இம்முறை நான் வாய்மூடி இருக்கப்போவதில்லை.